பட்டியலில் விட்டுப்போன ஒருத்தி

அத்தியாயம் 7

அந்தக் காகிதத்தை நான்காவது முறையாகப் படித்துவிட்டுத் துப்பறிவாளர் நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். மணி காலை பத்தரைதான் ஆகியிருந்தது.

முப்பத்தோரு வருஷம் அடுத்தவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்த மனிதர். முட்டி தேய்ந்துவிட்டது, அதற்கு முன்பே ஆர்வம் தேய்ந்துவிட்டது. புருஷன் எங்கே போகிறான், பெண்டாட்டி யாரோடு பேசுகிறாள் என்று வருகிற வழக்கெல்லாம் ஒரே ரகம். கண்டுபிடித்துச் சொன்னாலும் வந்தவர் அழுவார், கண்டுபிடிக்கவில்லை என்றாலும் அழுவார். நடுவில் இவர் ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"சார், தூக்கம் வந்தா தூங்குங்க. யாராவது வந்தா 'சார் யோசனையில இருக்கார்'னு சொல்லிடறேன். குறட்டை மட்டும் விட்டுடாதீங்க" என்றாள் குண்டூசி.

குண்டூசி அவருடைய உதவியாளர். வயது இருபத்தாறு. ஆள் ஒல்லி, பேச்சு குத்தும். அந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியாது, ஆனால் பொருந்தவில்லை என்று இதுவரை ஒருவரும் புகார் சொன்னதில்லை.

"நேத்து வந்த கண்ணாடிக்கடை அம்மாவோட வழக்கு உனக்கு எப்படித் தோணுது?" என்றார்.

"அவங்க பாதி உண்மை சொல்றாங்க. நீங்க பாதி தூக்கத்துல கேட்டீங்க. கூட்டினா ஒண்ணும் தேறல."

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண்மணி அவர். நேற்று இரண்டு மாடி ஏறி வந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் பேசினார். மூன்று வாரமாக, செவ்வாயும் வெள்ளியும், யாரோ தன் பின்னாலேயே வருகிறார்கள். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. ஆனால் இருக்கிறார்கள். இந்தக் காகிதம் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் வேலை, எட்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். வீட்டில் இவரும், பத்தாவது படிக்கும் மகளும்.

"அவளுக்கு மட்டும் எதுவும் தெரியக் கூடாது சார். பயந்துடுவா" என்று மூன்று தடவை சொன்னார்.

காகிதத்தின் தலைப்பில் ஒரு தேதி, அதற்குக் கீழே இவ்வளவுதான்:

4.10 – வெளியே வந்தாள்.
4.22 – கடை. ஒன்றும் வாங்கவில்லை.
4.31 – பாலம். நின்றாள். 3 நிமிடம்.
4.40 – உள்ளே.
5.35 – வெளியே. கையில் கவர்.

"செவ்வாயும் வெள்ளியும் எங்க போறீங்கன்னு கேட்டேன். வேலை விஷயம்னு சொன்னாங்க. சொல்லும்போது ஜன்னலைப் பார்த்தாங்க" என்றார் துப்பறிவாளர். "நேரம் போட்டு எழுதறவன் சந்தேகப்படறவன். கடைக்குப் போய் ஒண்ணும் வாங்கலைன்னா கண்ணுல மண்ணைத் தூவப் போயிருக்காங்க. பாலத்துல நின்னது யாருக்கோ காத்திருக்க. கப்பல்காரர் ஆள் வச்சுப் பார்க்கறார். முடிஞ்சுது. சாயங்காலம் அறிக்கை எழுதிடலாம்."

"ரொம்ப அவசரப்படாதீங்க சார். தேதிக்குக் கீழ பாருங்க."

தேதிக்குக் கீழே இரண்டு கோடு. அளந்து வைத்தாற்போல் நேர்க்கோடு.

"நம்ம தொழில்ல எவன் சார் பையில ஸ்கேல் வச்சுக்கிட்டு ஆளைப் பின்தொடர்றான்?"

துப்பறிவாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முட்டி கிளிக்கென்றது. காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஓர் ஓரத்தில் ஊதா மை லேசாக ஒட்டியிருந்தது. எழுத்துபோல இருந்தது, ஆனால் படிக்க முடியவில்லை. குண்டூசி கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.

"ஈர முத்திரை மேல காகிதத்தை வச்சு மூடினா இடவலம் மாறி ஒட்டும் சார். இப்போ படிங்க."

கண்ணாடிக்குள் எழுத்துகள் ஒழுங்காக நின்றன. நூலகம். இளையோர் பிரிவு.

* * *

இளையோர் பிரிவு என்பது நூலகத்தின் முதல் மாடியில் ஒரு நீள அறை. முக்கால்வாசி அலமாரிகள் குலையாமல் அடுக்கியபடி இருந்தன. ஒரே ஓர் அலமாரி மட்டும் ரணகளமாக இருந்தது. புத்தக முதுகெல்லாம் டேப் ஒட்டி, அட்டையெல்லாம் மூலை மடங்கி, பத்துப் பேர் கை பட்ட கோலம். அதற்கு மேல் 'மர்மம்' என்று எழுதியிருந்தது.

"யார் எந்தப் புத்தகம் எடுத்தாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் நூலகர், இவர் வாயைத் திறப்பதற்குள். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, தூக்கம் போதாத கண். "பிள்ளைங்க என்னை நம்பி எடுக்கறாங்க. நீங்க யாரா இருந்தாலும் சரி."

"புத்தகத்தையாவது பார்க்கலாமா?"

"அதுக்குத்தானே வச்சிருக்கு."

துப்பறிவாளர் ஒன்றை உருவினார். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ஒரு கள்ளக்கடத்தல் கும்பலைத் தனியாக வளைத்துப் பிடிக்கிறாள். போலீஸ்காரர்கள் எல்லாரும் அசடு. அப்பா அம்மா எல்லாவற்றையும் மறைக்கிறார்கள். பின்தொடர்வது எப்படி என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தது: முப்பது அடி விட்டு நட, நின்றால் நீயும் நில், நேரம் குறி.

"முப்பது அடியாம். நான் எழுபது அடி விடுவேன்" என்று முணுமுணுத்தார்.

"அதனாலதான் சார் பாதி பேரைத் தொலைச்சுடறீங்க."

நூலகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு கொஞ்சம் இளகினார்.

"பாடப் புத்தகத்தைக் கண்டா ஓடற பிள்ளைங்க இதுக்கு மட்டும் அடிச்சுக்குவாங்க" என்றார். "எனக்கும் முதல்ல புரியல. கொலை, கொள்ளை, இதுல என்ன இருக்குன்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சது. வீட்டுல ஏதோ நடக்கும். பெரியவங்க குசுகுசுன்னு பேசுவாங்க. இதுங்க உள்ள வந்தா பேச்சை நிறுத்திட்டு, 'நீ போய்ப் படி'ன்னு கதவைச் சாத்திடுவாங்க. சின்னக் குழந்தையா இருந்தா மறந்துடும். இந்த வயசுல எல்லாம் புரியும், ஆனா எதையும் கேட்க முடியாது. இந்தப் புத்தகத்துல மட்டும்தான் கேட்கற பிள்ளைக்குப் பதில் கிடைக்குது."

துப்பறிவாளர் புத்தகத்தின் கடைசி அட்டையைத் திறந்தார். உள்ளே ஒரு தாள் ஒட்டியிருந்தது.

"அது எங்க வழக்கம்" என்றார் நூலகர். "குற்றவாளி யாருன்னு எழுதக் கூடாது, அடுத்து படிக்கறவங்களுக்குச் சுவாரசியம் போயிடும். எந்தப் பக்கத்துல கண்டுபிடிச்சேன்னு மட்டும் எழுதணும். சொந்தப் பேரும் வேண்டாம், பட்டப்பேர் போதும்."

புயல் – 140. கரண்டி – 188. மக்கு – கடைசி வரை தெரியவில்லை. இவற்றுக்கு மேலே, முதல் வரியில்: கொசு – 61.

வேறு ஒன்றை எடுத்தார். கொசு – 74. இன்னொன்று. கொசு – 58. கொசுவின் ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு. துப்பறிவாளர் சட்டைப்பையிலிருந்த காகிதத்தைப் பக்கத்தில் வைத்தார். 4 போட்ட விதம் அதே, 1 போட்ட விதமும் அதே.

"சார்," என்றாள் குண்டூசி மெதுவாக, "கப்பல்காரர் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையை வேலைக்கு வச்சிருப்பார்னு எனக்குத் தோணல."

"இந்தக் கொசு தினமும் வருமா?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

நூலகர் யோசித்தார். பெயர் சொல்வது வேறு, இது வேறு என்று தீர்மானித்தவர்போல, "மூணே முக்காலுக்கு வருவா" என்றார். "செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வர மாட்டா."

அன்று வெள்ளிக்கிழமை.

* * *

நாலு பத்துக்குக் கண்ணாடிக்கடை அம்மா வெளியே வந்தார். துப்பறிவாளர் எதிர்ச்சாரியில் நடந்தார். எழுபது அடி தள்ளித்தான். அந்த அம்மாள் ஒரு ரொட்டிக் கடை வாசலில் நின்று, கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்து, ஒன்றும் வாங்காமல் நகர்ந்தார். பாலத்து ஏற்றத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் வரவில்லை. யாரையும் தேடவும் இல்லை. தலையைக் குனிந்து நின்றுவிட்டு மறுபடி நடந்தார். பாலத்தைத் தாண்டி மருத்துவமனை வாசலுக்குள் போனார்.

"வேலை விஷயமாம்" என்றாள் குண்டூசி. இந்தத் தடவை அதில் கேலி இல்லை.

மருத்துவமனைக்கு எதிரே பஸ் நிறுத்தம். பெஞ்சில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண், முகத்துக்கு முன்னால் புத்தகத்தைப் பிடித்தபடி. மடியில் ஒரு நோட்டு, நோட்டுக்குள் ஸ்கேல். துப்பறிவாளர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்தப் பெண் புத்தகத்தை இறக்காமலே சொன்னாள். "இந்தப் பக்கம் உட்காராதீங்க அங்கிள். அவங்க வெளிய வந்தா நேரா உங்க மூஞ்சிதான் தெரியும்."

குண்டூசி வாயைப் பொத்திக்கொண்டாள். துப்பறிவாளர் முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக, அடுத்தவர் சொல்லி எழுந்து இடம் மாறி உட்கார்ந்தார்.

"நாங்க யாருன்னு தெரியுமா?"

"நேத்து அம்மா உங்க ஆபீஸ் படி ஏறினாங்க. நடுவுல ரெண்டு தடவை நின்னாங்க. போர்டைப் பார்த்தேன். என்னைத்தான் தேடச் சொல்லியிருக்காங்க, இல்ல?" புத்தகத்தை இறக்கினாள். தாயின் அதே தாடை. "யாரு என்னன்னு அம்மாவுக்குத் தெரியாது. எனக்கே பாவமா இருந்துச்சு. பயமுறுத்தணும்னு செய்யல."

"சந்தேகப்பட்டியா?"

"எதுக்கு?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டாள். நோட்டை விரித்து அவர் மடியில் வைத்தாள். "அம்மாவுக்குப் பசிக்கறதே இல்ல. கடை வாசல்ல நிப்பாங்க, வாங்க மாட்டாங்க. பாலத்துல முதல் வாரம் ஒரு நிமிஷம் நின்னாங்க. அப்புறம் ரெண்டு. இப்போ மூணு. 'வந்தாள் போனாள்'னு எழுதினது மரியாதை இல்லாம இல்ல. புத்தகத்துல அப்படித்தான் எழுதுவாங்க."

துப்பறிவாளர் பக்கங்களைப் புரட்டினார். காலையில் நான்கு முறை படித்த அதே வரிகள்தான். முப்பத்தோரு வருஷத்துப் பழக்கம், நேரத்தைப் பார்த்ததும் துரோகம் என்று படித்துவிட்டது. ஒரு நோயாளி எவ்வளவு நேரம் மூச்சு வாங்கினாள் என்று ஒரு குழந்தை எண்ணி எழுதியதை அவரால் படிக்க முடியவில்லை. அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"என்ன வியாதின்னு தெரியுமா?" குண்டூசி கேட்டாள்.

"இதயத்துல வால்வு. வாசல் பலகையில எந்த டாக்டர் எந்த மாடின்னு இருக்கு. அம்மா மூணாவது மாடி. கவர்ல இருக்கற மாத்திரைப் பேரை மருந்துக் கடையில கேட்டேன். மூணு நாள்ல கண்டுபிடிச்சுட்டேன்." அதைச் சொல்லும்போது லேசாகப் பெருமை வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. "வீட்டுல கேட்டா 'ஒண்ணுமில்ல, வெயில்ல அலைச்சல், நீ போய்ப் படி'. சித்தியைக் கேட்டா 'அம்மாவைக் கேளு'. புத்தகத்துல பெரியவங்க எல்லாரும் பொய்தான் சொல்லுவாங்க, ஆனா இருநூறாவது பக்கம் வந்தா மாட்டிக்குவாங்க. எங்க வீட்டுல அந்தப் பக்கமே வர மாட்டேங்குது."

"தெரிஞ்சுடுச்சுன்னா அம்மாகிட்ட நேரா சொல்ல வேண்டியதுதானே?"

"ஆதாரம் முழுசா சேர்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. நடுவுல சொன்னா மறுத்துடுவாங்க. முதல் விதியே அதுதான் அக்கா."

குண்டூசி துப்பறிவாளரைப் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதியும் அதுதான்.

"இன்னும் என்ன சேரணும்?" என்றார் அவர்.

அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "போன வாரம் செவ்வாய். அம்மா கவரை விட்டுட்டு வந்துட்டாங்கன்னு நர்ஸ் வாசல் வரைக்கும் ஓடி வந்தாங்க. நான் தூணுக்குப் பின்னால நின்னேன். 'இன்னும் தள்ளிப் போடாதீங்கம்மா, திங்கட்கிழமையே ஆபரேஷன் தேதி தர்றேன்னு டாக்டர் சொல்றார், நாளாக நாளாக ஆபத்து'ன்னாங்க. அம்மா சொன்னாங்க, 'அந்த ஒரு காரியம் முடியட்டும் சிஸ்டர், அப்புறம் வந்து படுத்துக்கறேன்'னு." அவள் அந்தப் பக்கத்தைத் தட்டிக் காட்டினாள். "அது என்ன காரியம்னு தெரிஞ்சா நான் முடிச்சுக் குடுத்துடுவேன். பத்து நாளா தேடறேன். கிடைக்கல."

பக்கத்தில் ஒரு பட்டியல். அப்பா வருவது: இல்லை, இன்னும் ஐந்து மாதம். கடை இடம் மாறுவது: போன மாதமே முடிந்தது. சித்தி கல்யாணம்: மாப்பிள்ளையே கிடைக்கவில்லை. மாடி வீட்டு அம்மாவுடன் சண்டை: சமாதானம் ஆகிவிட்டார்கள். ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்து அடித்திருந்தாள்.

துப்பறிவாளர் பட்டியலை இரண்டு முறை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். சில வழக்குகளில் பதில் தெரிந்துவிடும். அதை வாயால் சொல்வதற்குப் பதில் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருக்கும்.

குண்டூசிக்கும் தெரிந்துவிட்டது. குத்துகிற பேச்செல்லாம் எங்கே போயிற்றோ, குனிந்து அந்தப் பெண்ணின் முட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"உங்க வீட்டுல எத்தனை பேர்டா?"

"மூணு. அப்பா கப்பல்ல."

"பட்டியல்ல அப்பா இருக்கார். சித்தி இருக்காங்க. மாடி வீட்டு அம்மா கூட இருக்காங்க. ஒருத்தர் விட்டுப்போச்சே."

"யாரு? அம்மாதானே..." என்று ஆரம்பித்தாள். "நான் எதுக்கு இதுல? எனக்கு ஒரு காரியமும் இல்லியே. பரீட்சை மட்டும்தான் அடுத்த மாசம்..."

நிறுத்தினாள்.

ஒரு பஸ் வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று. அவள் நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வேகமாகப் புரட்டினாள். 'இரவு எனக்குப் பால் கொண்டுவந்தாள், படி படி என்றாள்.' 'டிவியை நிறுத்தச் சொன்னாள், பரீட்சை என்றாள்.' 'சித்தியிடம் போனில்: இவ பரீட்சை முடியற வரைக்கும் யாரும் வீட்டுப் பக்கம் வராதீங்க.' எல்லாம் இருந்தது. எல்லாவற்றையும் அவளே எழுதியிருந்தாள். ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் குற்றவாளியைப் பிடிக்கிற கொசு, மூன்று வாரமாகத் தன்னைத் தவிர ஊரையெல்லாம் சந்தேகப்பட்டிருக்கிறாள்.

"என்னாலதானா அங்கிள்?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"உன்னால இல்ல. உனக்காக" என்றார் துப்பறிவாளர். "நீ தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு அவங்க தள்ளிப்போடறாங்க. அவங்க மறுப்பாங்கன்னு நீ தள்ளிப்போடறே. நடுவுல அந்த டாக்டர் தேதியை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்."

எதிரே மருத்துவமனைக் கதவு திறந்தது. கையில் கவரோடு கண்ணாடிக்கடை அம்மா வந்தார். வாசற்படியில் நின்று தூணைப் பிடித்துக்கொண்டார்.

துப்பறிவாளர் எழுந்தார். வழக்குப்படி அறிக்கை அவர்தான் தர வேண்டும்.

"நீங்க சொல்லாதீங்க" என்றாள் அந்தப் பெண். நோட்டையும் புத்தகத்தையும் பெஞ்சிலேயே போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் பார்க்காமல் சாலையைக் கடந்து ஓடினாள். குண்டூசி பதறிப்போய் ஒரு காருக்குக் கையைக் காட்டிக்கொண்டே பின்னால் ஓடினாள். துப்பறிவாளர் முட்டியைச் சபித்துக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்தார்.

தாய் மகளைப் பார்த்தார். கவர் தானாக முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"ஸ்பெஷல் கிளாஸ் இல்லியாடி இன்னிக்கு? நீ இங்க எப்படி?"

"அந்த ஒரு காரியம் நான்தானேம்மா?"

அந்த அம்மாளின் முகம் வெளுத்தது. மகளின் தோளுக்கு மேலாகத் துப்பறிவாளரைப் பார்த்தார். மூன்று தடவை சொன்னேனே என்று கேட்கிற பார்வை.

"யாருடி சொன்னது? அவரா?"

"யாரும் சொல்லல. நானே கண்டுபிடிச்சேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, வெறும் அலைச்சல். வா, வீட்டுக்குப் போகலாம். பரீட்சை முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்..."

"பரீட்சை வருஷா வருஷம் வரும்மா." அதுவரை பிடித்து வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் உடைந்தது. "வருஷா வருஷம் வரும். நீ..."

அந்த வாக்கியத்தை அவளால் முடிக்க முடியவில்லை. தாய் கவரைக் கீழே போட்டுவிட்டு அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். போகிறவர் வருகிறவர் எல்லாம் விலகிப் போனார்கள்.

குண்டூசி தரையில் கிடந்த கவரை எடுத்துத் தூசி தட்டினாள். அவளுக்கும் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

"டாக்டர் இன்னும் மேலதான் இருப்பார்" என்றார் அந்த அம்மாள் கடைசியில், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா லிஃப்ட் ரிப்பேர்டி. மூணு மாடி."

"மெதுவா ஏறலாம். நான் பிடிச்சுக்கறேன்" என்றாள் மகள்.